ஜெர்மனியின் செங்கல் ஜல்லி

இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் 1945 மே மாதம் ஓய்ந்தபோது, ஜெர்மன் நகரங்களில் சுமார் 40 கோடி கன மீட்டர் இடிபாடு குவிந்து கிடந்தது. பெர்லினில் மட்டும் 7.5 கோடி. சூளை எரிக்க நிலக்கரி போதவில்லை. புதுக் கல் ஏற்றிவரப் போதிய ரயிலும் லாரியும் இல்லை. இடிந்த வீட்டின் சாமான்களைக் கொண்டே அடுத்த வீட்டைக் கட்ட வேண்டியிருந்தது.

முதலில் பொறுக்கப்பட்டவை முழுச் செங்கற்கள். ஒட்டியிருந்த காரையைச் சுத்தியலால் தட்டி உதிர்த்து, அடுக்கி, எண்ணி வைத்தார்கள். பெர்லினில் இந்த வேலைக்குப் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் வந்தனர். மணிக்கு 72 ஃபெனிக் கூலி. கூலியைவிடக் கூடுதல் ரேஷன்தான் அவர்களை இழுத்தது. இடிபாட்டுப் பெண்களுக்குப் பின்னர் பல நகரங்களில் சிலைகள் எழுந்தன. ஆனால் நாடு முழுவதையும் அவர்களே துப்புரவு செய்ததாகச் சொல்வது மிகை என்று வரலாற்றாய்வாளர் லியோனி ட்ரேபர் 2014-இல் வெளியிட்ட நூலில் காட்டினார். பெரும்பகுதியை அகற்றியவை கட்டுமான நிறுவனங்களும் அவற்றின் இயந்திரங்களுமே. போர் நடந்தபோதே போர்க்கைதிகளும் வதைமுகாம் கைதிகளும் இதே வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டிருந்தனர். அவர்களுக்குச் சிலை வைக்க அத்தனை அவசரம் காட்டப்படவில்லை.

முழுக் கல்லாகத் தேறாததை என்ன செய்வது என்பதற்குத் தொழிற்சாலை அளவில் விடை தேடிய நகரம் ஃபிராங்க்ஃபர்ட். இடிபாடு மனைக்காரருக்குச் சொந்தம் என்பதால் யாரும் அதில் கைவைக்க முடியாத நிலை இருந்தது. நகர நிர்வாகம் அதைக் கையகப்படுத்தி, தனியார் நிறுவனங்களுடன் சேர்ந்து 1945-இல் இடிபாட்டுப் பயன்பாட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. தெருக்களில் போடப்பட்ட சிறு ரயில்பாதைகள் வழியே வந்த குப்பை ஆலையில் உடைந்து, சலிக்கப்பட்டு, செங்கல் ஜல்லியாக வெளியேறியது. தமிழ்நாட்டில் மொட்டைமாடித் தளத்துக்குச் சுண்ணாம்புடன் கலந்து போடும் ஜல்லியைப் போன்றதுதான். அங்கே அது சிமென்ட்டுடன் சேர்ந்து சுவர்க் கற்களாக வார்க்கப்பட்டது.

தொல்லை ஜிப்சத்தில் இருந்தது. பழைய சுவர்ப்பூச்சிலிருந்து ஜிப்சம் ஜல்லியில் கலந்தால் அதன் சல்ஃபேட் சிமென்ட்டுடன் வினைபுரிந்து உப்பும். கான்கிரீட் விரிசல் விடும். உடைந்த குவியலில் எது ஜிப்சம், எது காரை என்று பிரிப்பது கடினம். செங்கல் ஜல்லிக் கான்கிரீட்டுக்கென 1951-இல் வெளியான டின் 4163 தரவிதி சல்ஃபேட்டின் அளவுக்கு வரம்பு விதித்தது. 1955 முடிவுக்குள் சுமார் 1.15 கோடி கன மீட்டர் ஜல்லி தயாராகி, 1,75,000 குடியிருப்புகள் எழுந்ததாகக் கணக்கு.

மொத்த இடிபாட்டோடு ஒப்பிட்டால் இது சிறு பங்குதான். மிச்சம் பள்ளங்களை நிரப்பியது, மலையாகவும் நின்றது. பெர்லினின் டாய்ஃபெல்ஸ்பெர்க் குன்றில் 1972 வரை ஏறத்தாழ 2.6 கோடி கன மீட்டர் கொட்டப்பட்டது. அடியில், நாஜிகள் கட்டி முடிக்காத ராணுவத் தொழில்நுட்பக் கல்லூரி புதைந்திருக்கிறது. ஐம்பதுகளில் ஆற்று மணலும் புதுச் செங்கலும் தாராளமாகக் கிடைத்ததும் ஜல்லித் தொழில் மங்கியது.

அடுத்த பெரும் இடிப்பு போரால் வந்ததல்ல. கிழக்கு ஜெர்மனியும் மேற்கு ஜெர்மனியும் இணைந்தபின் கிழக்கிலிருந்து மக்கள் வெளியேற, சுமார் 10 லட்சம் வீடுகள் காலியாகின. 2002-இல் தொடங்கிய கிழக்கு நகர மறுசீரமைப்புத் திட்டத்தில் ஏறக்குறைய 3 லட்சம் வீடுகள் இடிக்கப்பட்டன. பல, கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய அடுக்குமாடிகள். காட்பஸ் பல்கலைக்கழகத்தின் ஆங்கெலிகா மெட்கே போன்றோர், பலகைகளை உடைக்காமல் கிரேனால் கழற்றி மறுபடி கட்டலாம் என்று காட்டினர். பெர்லினை அடுத்த மேரோவில் அவ்வாறு ஒரு தனி வீடு 2005-இல் எழுந்தது. ஆனாலும் பெரும்பாலான பலகைகள் உடைக்கும் இயந்திரத்துக்கே போயின.

மறுசுழற்சி ஜல்லி இன்று ஜெர்மனியின் ஜல்லி, மணல் தேவையில் சுமார் 13 விழுக்காட்டை ஈடுசெய்கிறது. அதில் பெரும்பகுதி சாலைக்கு அடியில் போய்விடுகிறது. எந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்று இடிப்பவருக்குத் தெரியாததே இதற்கு ஒரு காரணம். அந்த அறியாமையைப் போக்கத்தான் டிஜிட்டல் பதிவேடுகள் முளைத்தன. நெதர்லாந்தில் 2017-இல் தொடங்கிய மடாஸ்டர் தளம் ஒவ்வொரு கட்டடத்துக்கும் பொருள் கடவுச்சீட்டு வழங்குகிறது: எத்தனை டன் கான்கிரீட், எவ்வளவு எஃகு, எந்த இடத்தில், எப்படிக் கழற்றுவது. ஹைடெல்பெர்க் நகரம் 2022-இல் தன் கட்டடங்களை அதில் பதியும் திட்டத்தை அறிவித்தது. முதலில் எடுத்துக்கொண்டது, அமெரிக்கப் படையினர் குடியிருந்து காலி செய்த பேட்ரிக் ஹென்றி வில்லேஜ் குடியிருப்பு. மறுசுழற்சிக் கட்டுமானப் பொருள்களுக்கான நாடு தழுவிய ஒரே விதிமுறை 2023 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.