ஒரே குவியலில் இரண்டு எதிரிகள்

1842-ல் இங்கிலாந்தில் ஜான் பென்னட் லாஸ் என்ற இளம் பண்ணையார், கந்தக அமிலத்தில் கரைத்த எலும்புத் தூளுக்குக் காப்புரிமை வாங்கினார். அமிலம் பட்டதும் எலும்பின் மணிச்சத்து தண்ணீரில் கரையக்கூடியதாக மாறியிருந்தது. சூப்பர் பாஸ்பேட் பிறந்தது, காசு கொட்டியது. அடுத்த வருஷமே தன் ராத்தம்ஸ்டட் பண்ணையில் எருவையும் மூட்டை உரத்தையும் கோதுமை வயலில் மோதவிட்டார்.

மூட்டை உரம் ஏறக்குறைய எருவுக்குச் சமமாக விளைவித்துக் காட்டியது. சாணக் குப்பையின் கதை முடிந்தது என்றே தோன்றியது. ஆனால் பக்கத்து பார்லி வயலில் ஒரு பாத்திக்கு 1852 முதல் 1871 வரை மட்டும் எரு போட்டு, பிறகு நிறுத்திவிட்டார்கள். நூறு வருஷம் தாண்டியும் அந்தப் பாத்தி, எருவே பார்க்காத பாத்தியைவிடக் கூடுதலாக விளைந்தது. மண்ணுக்குள் எதுவோ தங்கியிருந்தது.

இந்தியாவில் அந்த எருவை அடுப்பில் எரித்துக்கொண்டிருந்தார்கள். 1889-ல் இங்கே வந்த வேளாண் வேதியியலாளர் வோல்க்கர், விறகு கிடைத்தால் சாணம் வயலுக்குப் போகும் என்று கண்டு, விறகுக் காடு வளர்க்கச் சொன்னார். எருவைப் போலவே தண்ணீரும் எல்லா வயலுக்கும் எட்டவில்லை. 1895-ல் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது. வயல்கள் இருபோகம் கண்டன. ஆண்டிபட்டிப் பக்கத்து மேட்டுக்காடுகள் மட்டும் வானத்தைப் பார்த்தபடியே இருந்தன.

கோயம்புத்தூரில் 1909-ல் நிரந்தர உரப் பரிசோதனை தொடங்கியது. ஒரு பாத்திக்கு மாட்டு எரு, மற்றவற்றுக்கு வகைவகையாக மூட்டை உரம், ஒன்றுக்கு எதுவுமே இல்லை. அடுத்த திருப்பம் குன்னூரில். மெக்காரிசன் என்ற மருத்துவர், வெவ்வேறு உரத்தில் விளைந்த தானியங்களைச் சோதனை விலங்குகளுக்குத் தீனியாகப் போட்டார். எருவில் விளைந்ததே சத்து மிகுந்தது என்று 1926-ல் எழுதினார். வெளிநாட்டில் பின்னால் நடந்த சோதனைகள் அதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. கேள்வி பாதியில் நின்றது.

அதற்குள் பசுமைப் புரட்சி வந்து, சண்டையில் மூட்டை ஜெயித்தது. டிராக்டர் வந்தது, தொழுவம் காலியானது. ஏக்கருக்கு 5 டன் குப்பை அடிக்க வேண்டும் என்பது சிபாரிசு. மலைமாட்டு மந்தையை வயலில் கிடை அமர்த்த வசதியில்லாத மானாவாரிக்காரர் அத்தனை குப்பைக்கு எங்கே போவார்? சரி, சூப்பரையாவது போடலாமென்றால், செம்மண்ணின் இரும்பும் கரிசலின் சுண்ணாம்பும் மணிச்சத்தைப் பிடித்துக் கட்டிப்போட்டன. குப்பையோ போதவில்லை, சூப்பரோ பயிருக்கு எட்டவில்லை.

கடைசியில் ஆராய்ச்சியாளர்கள் செய்தது, லாஸ் மோதவிட்ட இருவரையும் ஒரே குவியலில் போட்டு மூடியதுதான். ஏக்கருக்கு 300 கிலோ மக்கிய குப்பையைத் தூளாக்கி, ஒரு மூட்டை சூப்பரைக் கலந்து, பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு ஈரமாக்கி, நிழலில் குவித்து, சேற்றால் மெழுகி ஒரு மாதம் விட்டுவிட வேண்டும். குப்பையிலிருந்து பறந்துபோக இருந்த அம்மோனியாவை சூப்பரில் உள்ள ஜிப்சம் பிடித்துக்கொள்கிறது. சூப்பரின் மணிச்சத்தை மண் பறிக்காதபடி குப்பையின் மட்கு காக்கிறது. இதுதான் ஊட்டமேற்றிய தொழுஉரம்.

இதைக் கடையில் மூட்டையாக வாங்க வேண்டியதில்லை. காப்புரிமைக்காக வழக்காடிய லாஸ் இருந்திருந்தால் இதற்கும் ஒன்று வாங்கியிருப்பார். 5 டன் கேட்ட இடத்தில் 300 கிலோ என்பது முழு எருவுக்கு ஈடாகாது. மண்ணின் உடம்பு தேற குப்பை குப்பையாகவே வேண்டும். ஆனால் புரட்டாசி மழையை நம்பிச் சோளம் விதைக்கிறவருக்கு, வீட்டில் நிற்கிற ரெண்டு மாட்டின் சாணமே ஒரு ஏக்கர் உழவுசாலுக்குப் போதும். ஒரே நிபந்தனை: ஆவணியிலேயே குவியலை மெழுகியிருக்க வேண்டும்.