அபின் பதிவேடும் மக்காவின் ஒரு பத்வாவும்

'அபின்' என்ற சொல் நமக்கு அரபியிலிருந்து கிடைத்தது. அரபியில் அது 'அப்யூன்'. அதற்கும் முன்னே கிரேக்கத்தில் 'ஓபியோன்'. கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடிகிற பாலைக் குறிக்கும் சொல் அது. அரபு வணிகரின் கைவழியே கிழக்கே பரவிய சரக்குகளில் அபினும் ஒன்று. பேதி, இருமல், தீராத நோவு என்று நம் கரையோரப் பரிசாரிமாரின் மருந்துப் பெட்டிக்கும் அது பழக்கமான பொருள்தான்.

அந்த அபினுக்கோ, அதன் பிள்ளையான ஹெரோயினுக்கோ அடிமைப்பட்டவனுக்கு இன்னொரு மருந்தைக் கொடுத்து அவனை நடத்தலாமா என்ற கேள்வியை இங்கே எடுத்துக்கொள்கிறேன். "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்று கேட்பவர்கள் நம்மிடையே அதிகம். வெள்ளைக்காரன் நேற்றுக் கொண்டுவந்த யோசனை என்றும் சொல்கிறார்கள். ஆனால் நமது தீவும் நமது மத்ஹபும் இதே கேள்வியை எப்போதோ சந்தித்திருக்கின்றன.

முதலில் தீவின் கதை. பிரித்தானியர் காலத்தில் இலங்கையில் அபின் கடைச்சரக்கு. 1867இல் வந்த சட்டம் அதை விற்பதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும் என்றது. விற்பனை நடந்தது, அரசாங்கத்துக்கு வருமானமும் வந்தது. 1893இல் இந்தியாவுக்கென நியமிக்கப்பட்ட அரச ஆணைக்குழுவின் முன் சாட்சி சொன்னவர்களிற் சிலர், அபின் மலேரியாவிலிருந்து காக்கும் என்றுகூட வாதாடினார்கள். மலேரியா மலிந்திருந்த மட்டக்களப்புக் கரையில் வாழ்ந்தவர்களின் காதுக்கு அந்த வாதம் எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பௌத்த இயக்கத்தாரும் கிறிஸ்தவ மிஷனரிமாரும் (வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள்) அபின் கடைகளை மூடச் சொல்லி ஒரே குரலிற் கேட்டார்கள். குழு அமைத்து ஆராய்ந்தார்கள். 1910இல் புதிய அபின் கட்டளைச் சட்டம் வந்தது. அதிலேதான் நமக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. கடையை மூடினால் ஏற்கெனவே பழகிப்போனவன் என்ன செய்வான்? அவனைச் சிறையில் போடுவதா? சட்டம் வேறு வழியைத் தேர்ந்தது. பழகியவர்கள் தம் பெயரைப் பதிய வேண்டும். அவரவருக்கு அளவு குறிக்கப்படும். அந்த அளவு அரசாங்கக் கையிருப்பிலிருந்து கிடைக்கும். நாட்டு வைத்தியர்களும் பதிந்து தம் மருந்துக்கு வேண்டியதைப் பெறலாம். 1912இன் ஹேக் உடன்படிக்கை உலக நாடுகளை நெருக்கியபோது இலங்கையிடம் ஒரு பதிவேடு ஏற்கெனவே இருந்தது. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டமும் அந்த வழியிலேயே எழுதப்பட்டது. இன்று தூளோடு பிடிபடுபவனின் வழக்கு இதே சட்டத்தின் கீழ்தான் விளங்கப்படுகிறது.

இதைக் கருணை என்று நான் வர்ணிக்க மாட்டேன். வருமானத்தை ஒரேயடியாக இழக்க விரும்பாத அரசு, கிழவர்கள் மௌத்தாகப் பதிவேடு தானாக ஒழியும் என்று கணக்குப் போட்டது. இந்தியாவிலும் இதுவே நடந்தது: மருத்துவத்துக்குப் புறம்பான அபினை 1959 மார்ச் 31உடன் நிறுத்துவது என்று முடிவுசெய்துகொண்டு, பதிந்தவர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். ஈரானில் 1969இல் அறுபது வயது தாண்டியவர்களுக்குக் கூப்பன் கொடுத்தார்கள். நோக்கம் எதுவாக இருந்தாலும், அடிமைப்பட்டவனைக் கள்ளக்கடத்தல்காரனிடம் அனுப்பாமல் அளவோடு நடத்தலாம் என்ற எண்ணம் இந்த மண்ணில் ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. அதை நாம் மறந்துவிட்டோம்.

இனி மத்ஹபின் கதை. எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

பதினாறாம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த இமாம் இப்னு ஹஜர் அல்-ஹைதமியை நம் மத்ரஸாக்களில் ஓதியவர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஷாபிஈ மத்ஹபின் தூண்களில் ஒருவர். ஹிஜ்ரி 974இல் வபாத்தானவர். அவரிடம் ஒரு கேள்வி வந்தது: ஒருவன் அபின் போன்றதைத் தின்று பழகிவிட்டான், இப்போது விட்டால் உயிர் போய்விடும் என்ற நிலை, என்ன செய்வது? அவர் சொன்ன பதிலின் சாரம் இது. உயிர் போகும் என்பது உறுதியானால் அது அவனுக்கு ஆகும். ஆகும் என்பதோடு நில்லாமல், உயிரைக் காப்பதற்காகக் கடமையும் ஆகிவிடும். பசியால் சாகப்போகிறவனுக்குச் செத்த பிராணியின் இறைச்சி ஆகுமாவதைப் போல. ஆனால் அவன் அளவைச் சிறுகச் சிறுகக் குறைத்தே ஆக வேண்டும், உடம்பு உணராதபடி, அந்த நாட்டம் தீரும் வரைக்கும். அப்படிக் குறைக்காமல் விட்டால் அவன் பாவி. இந்தத் தீர்ப்பு தமது விதிகளுக்கு முரணல்ல என்று ஹனபி அறிஞர்களும் ஏற்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டமஸ்கஸின் இப்னு ஆபிதீன் தமது பெருநூலில் இதை எடுத்தாண்டிருக்கிறார்.

அதே நூற்றாண்டில், ஸபவிகளின் ஈரானில், இமாதுத்தீன் மஹ்மூத் ஷீராஸி என்ற ஹக்கீம் அபினுக்காகவே ஒரு தனி நூல் எழுதினார். ஷிர்வானின் ஆளுநர் ஒரு நாள் கோபத்தில் இவரைப் பனியில் இரவு முழுவதும் நிற்கவைத்தாராம். உயிர் தப்ப இவர் அபின் தின்றார். உயிர் தப்பியது, ஆனால் நடுக்கம் மிஞ்சியது, அபினும் மிஞ்சியது. தன் உடம்பிலேயே பாடம் படித்த அந்த வைத்தியர், அளவைப் படிப்படியாகக் குறைப்பது எப்படி, வேறு மருந்தை அபினுக்குப் பதிலாக வைப்பது எப்படி என்று எழுதிவைத்தார். ஒருவர் பிக்ஹிலும் மற்றவர் வைத்தியத்திலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இன்றைய மருந்து இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. மெதடோன் 1930களின் கடைசியில் ஜெர்மனியில் உருவானது, நோவு மருந்தாக. 1964இல் நியூயோர்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு வைத்தியர்கள் அதை ஹெரோயின் அடிமைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஹெரோயினின் பிடி சில மணித்தியாலங்களில் இறங்கிவிடும். மூக்கொழுகும், மயிர்க்கூச்செறியும், வயிறு கழியும், எலும்பெல்லாம் உளையும். அதற்குப் பயந்தே அவன் மறுபடி ஓடுகிறான், உம்மாவின் காப்பையும் களவெடுக்கிறான். மெதடோனை வாயால் ஒரு தடவை குடித்தால் ஒரு முழு நாளைக்கு அந்த உளைச்சல் வராது. சரியான அளவில் கொடுத்தால் மயக்கமும் வராது, வேலைக்குப் போகலாம். பின்னால் வந்த புப்ரெனோர்பின் இன்னும் சாது. ஓர் எல்லைக்கு மேல் அதன் வேகம் ஏறாது. உலக சுகாதார நிறுவனம் 2005இல் இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2017இல் வெளிவந்த ஒரு பெரிய மீளாய்வு, மெதடோன் எடுப்பவர்களில் ஆண்டுக்கு 1000 பேருக்கு ஏறத்தாழ 11 பேரும், அதை விட்டவர்களில் 36 பேரும் இறப்பதாகக் கணக்கிட்டது.

இலங்கை இந்தக் காலத்தில் வேறு பக்கம் திரும்பியிருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஹெரோயின் வந்து இறங்கியது. 1984இல் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை அமைந்தது. அதே ஆண்டில் பழைய 1929 சட்டம் திருத்தப்பட்டு, 2 கிராம் ஹெரோயினுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று எழுதப்பட்டது. 1976க்குப் பிறகு நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை, ஆனால் சட்டம் அப்படியே இருக்கிறது. 2007இன் சட்டம் நீதவானின் கட்டளையோடு கட்டாய சிகிச்சைக்கு வழி வைத்தது. யுத்தத்துக்குப் பின் போராளிகளுக்கென இருந்த கந்தக்காடு முகாம் போதைக்கு அடிமையானவர்களின் புனர்வாழ்வு நிலையமானது. 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்து, நூற்றுக்கணக்கானோர் வேலி உடைத்து ஓடிய செய்தியைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். மெதடோன், புப்ரெனோர்பின் கொடுத்து வருடக் கணக்கில் நடத்துவது மட்டும் இங்கே ஒரு வழக்கமான சிகிச்சையாக வேரூன்றவில்லை.

என்னிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் படித்த ஒருவனின் வாப்பா சென்ற வருடம் அஸருக்குப் பின் என்னைத் தேடி வந்தார். மகனை இரண்டு தரம் ஒரு நிலையத்தில் போட்டெடுத்திருக்கிறார். "போய் வந்தா மூண்டு மாசம் நல்லாத்தான் இரிக்கான் சேர். மறுகா அதே ஆக்களோட. விடுறத்துக்கு ஒரு மருந்தும் இல்லியா?" என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நிலையத்திலிருந்து வெளியே வரும் முதல் நாலைந்து கிழமைதான் மிகப் பயங்கரமானது. உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும், அவனோ பழைய அளவையே எடுப்பான், மூச்சு நின்றுவிடும். அதனால் அந்த நாட்களில் அவனைத் தனியே விடாதீர்கள் என்றேன். அதற்கு மேல் காட்டிக்கொடுக்க என்னிடம் ஓர் இடம் இருக்கவில்லை. நம்மூரில் ஆதார வைத்தியசாலையும் இருக்கிறது, ஆயுர்வேத வைத்தியசாலையும் இருக்கிறது. கல்முனையில் பெரிய ஆஸ்பத்திரிகள் இரண்டு இருக்கின்றன.

முஸ்லிம் நாடுகள் என்ன செய்தன என்று பார்த்தால், நம்மைப் போலவே தொடங்கி, நாம் போகாத இடத்துக்குப் போயிருக்கின்றன. மலேசியா 1983இல் போதையை நாட்டின் முதல் எதிரி என்று பிரகடனம் செய்தது. 15 கிராம் ஹெரோயினுக்குக் கட்டாய மரண தண்டனை, கட்டாய நிலையங்கள் எல்லாம் இருந்தன. ஊசி வழியே எயிட்ஸ் பரவியது. 2005இல் மெதடோன் கொடுக்கத் தொடங்கினார்கள். 2010இல் மலாயாப் பல்கலைக்கழகத்தார் கோலாலம்பூரின் அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே அதைக் கொடுக்கும் திட்டத்தை ஆரம்பித்தார்கள். தொழுகையும் அங்கே, மருந்தும் அங்கே. ஈரானில் 2005இல் நீதித்துறைத் தலைவர் ஆயதுல்லா ஷாஹ்ரூதி, இச்சிகிச்சைக்குத் தடையாக இருக்க வேண்டாம் என்று நீதிபதிகளுக்கே பணிப்புரை அனுப்பினார். நமக்கு அண்டைத் தீவான மாலைதீவு 2008இல் மாலேயில் ஒரு சிறு மெதடோன் நிலையம் திறந்தது.

இரண்டு சங்கதிகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒன்று, இந்த மருந்து ஹெரோயின் போன்ற அபின் வகைக்கு மட்டும்தான். நம் பிள்ளைகளைப் பிடித்திருக்கும் ஐஸுக்கு இப்படியான மாற்று மருந்து கிடையாது. தூளையும் ஐஸையும் 'போதை' என்ற ஒரே சொல்லில் போட்டு குத்பா ஓதுவதால் இந்த வித்தியாசம் காணாமற் போய்விடுகிறது. மற்றது, இப்னு ஹஜரின் பத்வா படிப்படியாகக் குறைப்பதைக் கடமையாக்குகிறது. இன்றைய வைத்தியர்களோ சிலருக்கு இது வருடக் கணக்கில் தேவை, அவசரமாகக் குறைத்தால் பழைய குழிக்கே போவார்கள் என்கிறார்கள். நாட்டம் தீரும் வரை என்ற அந்த எல்லையை எத்தனை மாதம், எத்தனை வருடம் என்று நிர்ணயிப்பது யார்? உயிர் போகும் என்ற உறுதி இன்றைய மரணக் கணக்குகளால் கிடைத்துவிடுகிறதா? தமிழ் வாத்தியாராகிய நான் தீர்க்கும் விஷயமல்ல இது. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் பத்வாக் குழுவும் நம் வைத்தியர்களும் ஒரே மேசையில் இருந்து பேச வேண்டியது.

ஒரு சிறு மஸ்அலா மட்டும் அநேகமாகச் சுலபம். நோன்பு காலத்தில் என்ன செய்வது என்று அந்த வாப்பா கேட்டிருந்தார். மெதடோன் நாளைக்கு ஒரு தடவைதான். நோன்பு திறந்த பிறகு குடித்துவிட்டுத் தராவீஹுக்குப் போகலாம்.