வன்தட்டின் தாமதமும் உப்புக் காற்றும்: தூத்துக்குடிக் கடற்கரையில் லினக்ஸ் சேவையகங்களின் பிழையறியும் முறை

லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்ட சேவையகம், அதாவது ஓர் அலுவலகத்தின் பல கணினிகளுக்கும் தரவை வழங்கும் சர்வர், மந்தமாகும்போது வன்தட்டையே குற்றம் சாட்டி அதை மாற்றிவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. அந்த மந்தத்தில் வரிசையில் காத்திருக்கும் காலம், தட்டு வேலை செய்யும் காலம் என இருவேறு காலங்கள் கலந்திருக்கின்றன என்பதையும், அவற்றைப் பிரித்து அளக்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றுவது முறையன்று என்பதையும், தூத்துக்குடி போன்ற உப்புக் காற்றுக் கடற்கரையில் தட்டுக்கு முன்பாக அதன் இணைப்பு முனைகளே சோதிக்கப்பட வேண்டும் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம் உள்ளிட்ட இந்தியப் பெருந்துறைமுகங்கள், கப்பல் தளத்தை அடையுமுன் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் நேரத்தைத் தனிக் கணக்காகவே பதிவு செய்கின்றன. அந்த நேரம் நீண்டால் தளங்களின் எண்ணிக்கையும் கப்பல் வரத்தும் ஆராயப்படும். தளத்தில் நிற்கும் நேரம் நீண்டால் பாரந்தூக்கிகளும் சரக்கைக் கையாளும் முறையும் ஆராயப்படும். வன்தட்டுக்கும் இதே பகுப்பு பொருந்தும். ஓர் அமைப்புக்குள் இருப்பவற்றின் சராசரி எண்ணிக்கை, வரத்து வீதத்தையும் ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் சராசரி நேரத்தையும் பெருக்கிய பலனுக்குச் சமம் என்று ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி, கப்பலுக்கும், தரவைப் படிக்கவோ எழுதவோ தட்டுக்கு வரும் கோரிக்கைக்கும் வேறுபாடின்றிச் செல்லும்.

லினக்ஸில் இப்பகுப்பு எளிதாகக் கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். ஐஓஸ்டாட் என்னும் கருவி காட்டும் 'அவெயிட்' அளவு, வரிசையில் நின்ற நேரத்தையும் தட்டு எடுத்துக்கொண்ட நேரத்தையும் சேர்த்தே தருகிறது. தட்டின் நேரத்தை மட்டும் தருவதாகக் கருதப்பட்ட பழைய அளவு நம்பத்தக்கதன்று என்று அக்கருவியின் கையேடே எச்சரித்தது; பின்னர் அந்த அளவே நீக்கப்பட்டது. 'லோட் ஆவரேஜ்' எனப்படும் சுமைச் சராசரியும், செயலியைப் பயன்படுத்தும் நிரல்களோடு தட்டுக்காகக் காத்து உறைந்திருக்கும் நிரல்களையும் எண்ணுவதால், எண் உயர்ந்ததைக் கொண்டு காரணத்தைத் தீர்மானிக்க இயலாது. 2006இல் லினக்ஸ் கருவில், அதாவது கெர்னலில், சேர்க்கப்பட்ட பிளாக்டிரேஸ், கோரிக்கை வரிசையில் சேர்ந்த கணம், தட்டுக்கு அனுப்பப்பட்ட கணம், முடிந்த கணம் மூன்றையும் தனித்தனியே குறிப்பதால் அதுவே இங்கு ஏற்ற கருவியாகும். ஆயினும் தட்டு தனக்குள்ளும் ஒரு வரிசையை வைத்திருக்கிறது. ஆகவே பணி ஓய்ந்த வேளையில் ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கையை அனுப்பி அளந்த எண்ணையும் உடன் வைத்து ஒப்பிடாதவரை முடிவு உறுதிப்படாது.

அந்த எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத் தட்டின் இயக்கமே சொல்லிவிடுகிறது. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றை 8.33 மில்லி நொடியில் முடிப்பதால், வேண்டிய பகுதி தலைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக 4.17 மில்லி நொடி ஆகும். தலை உரிய தடத்திற்கு நகர ஏறத்தாழ 8 மில்லி நொடியைக் கூட்டினால், சிதறிய கோரிக்கைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றும்போது நொடிக்கு ஏறத்தாழ 80 மட்டுமே முடியும். ஒவ்வொன்றும் 4 கிலோபைட் எனில் நொடிக்கு 320 கிலோபைட்தான் கிடைக்கும். தொடர்ச்சியாகப் படிக்கையில் நொடிக்கு 150 மெகாபைட்டைக் கடக்கும் அதே தட்டு இவ்வாறு நடந்துகொள்வது பழுதன்று, அதன் இயல்பு. மந்தம் இந்த இயல்பால் மட்டும் எழும் அலுவலகங்களில் நினைவகத்தைக் கூட்டுவதும் தரவுத்தளக் குறியீட்டைச் சீரமைப்பதும்தான் தீர்வு.

ஓய்ந்த வேளையிலும் ஒற்றைக் கோரிக்கை நூற்றுக்கணக்கான மில்லி நொடிகள் எடுக்குமானால் நிலைமை வேறு. இங்குதான் இடம் முக்கியமாகிறது. உப்பளங்கள், அனல்மின் நிலையம், கடல் ஆகியவை அருகருகே அமைந்த தூத்துக்குடியில் உப்பும் கந்தகச் சேர்மங்களும் ஈரமும் காற்றில் ஒன்றுசேர வாய்ப்பு மிகுதி. உலோக அரிப்பை ஆராயும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் தன் கடல்சார் ஆய்வு மையத்தை இத்துறைமுகப் பகுதியில் நடத்துவதே இச்சூழலின் தன்மைக்குப் போதிய சான்று. மைக்ரோசாஃப்ட்டின் ஒன்பது தரவு மையங்களில் பத்து லட்சத்திற்கு மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2016இல் வெளிவந்த ஆய்வு, தட்டுப் பழுதில் வெப்பத்தைவிட ஈரப்பதத்தின் பங்கே மேலோங்கியிருப்பதையும், அப்பழுது பெரிதும் கட்டுப்பாட்டு, இணைப்புப் பகுதிகளில் நேர்வதையும் கண்டது. ஹீலியம் அடைத்து மூடப்பட்ட தட்டுகளை வாங்கினால் போதும் என்னும் வாதம் இதனால் வலுவிழக்கிறது. காந்தத் தகடுகள் உள்ளே காக்கப்பட்டாலும், மின்சுற்றுப் பலகையும் இணைப்பு முனைகளும் வெளிக்காற்றில்தான் இருக்கின்றன.

அரித்த முனை தட்டை உடனே கொல்வதில்லை, மெல்ல மந்தப்படுத்துகிறது. சிதைந்து வரும் தரவு மீண்டும் அனுப்பப்படுகிறது. பிழைகள் தொடர்ந்தால் லினக்ஸ் கரு சாட்டா இணைப்பின் வேகத்தை நொடிக்கு 6 கிகாபிட்டிலிருந்து 3க்கும், பின் 1.5க்கும் தானாகக் குறைக்கிறது. இச்செய்தி கருவின் பதிவேட்டில் எழுதப்பட்டும், அதைப் படிப்போர் குறைவு. தட்டின் தன்னாய்வுப் பட்டியலான ஸ்மார்ட்டில் 5, 197ஆம் எண்கள் தகட்டின் சிதைவைக் காட்டுகின்றன. 199ஆம் எண் தட்டுக்கும் கணினியின் தாய்ப்பலகைக்கும் இடையிலான பரிமாற்றப் பிழையை எண்ணுகிறது. முன்னவை அசையாதிருக்க 199 மட்டும் வளருமானால், தட்டை விட்டுவிட்டு வடத்தையும் முனையையும் மாற்றுவதே முறை. ஆனால் அந்த எண்ணிக்கை ஒருபோதும் பூச்சியத்திற்குத் திரும்பாது என்பதால், ஒரு நாள் எடுத்த எண் எதையும் மெய்ப்பிக்காது. தேதியிட்டுத் தொடர்ந்து குறிக்கப்பட்ட எண்களே சான்றாகும்.

கருவி அறைக் காற்றை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஏ. 71.04 தரநிலை, செம்பு, வெள்ளித் தகடுகளை அறையில் வைத்து அவற்றின் மீது படியும் அரிப்புப் படலத்தை அளக்கிறது. ஒரு மாதத்தில் செம்பில் 300, வெள்ளியில் 200 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைவாக இருந்தால்தான் அறை அரிப்பு மிகக் குறைந்த வகையில் சேரும். கப்பல் முகவர் அலுவலகங்களும் உப்பு வணிக நிறுவனங்களும் புதிய தட்டுக்குச் செலவிடும் முன் இச்சோதனையைச் செய்வது தகும், ஏனெனில் அறையின் காற்று மாறாத நிலையில் புதிய தட்டின் முனைகளும் அதே காற்றில்தான் இருக்கும்.