சில வார மருந்தும் பல்லாண்டு நோயும்: பசியடக்கிகளின் வரலாற்றில் காலம் என்னும் கேள்வி

அமெரிக்காவில் 1959-இல் அனுமதி பெற்ற ஃபென்டர்மின் என்னும் பசியடக்கி இன்றும் அங்கே மருந்துச்சீட்டில் எழுதப்படுகிறது. அதைச் சில வாரங்களுக்கு மட்டுமே தரவேண்டும் என்று அனுமதி ஆவணம் சொல்கிறது. உடற்பருமன் சில வாரங்களில் வந்து போகும் நோயன்று. பல ஆண்டுகளில் சேர்ந்து, பல ஆண்டுகள் உடலில் தங்குவது. சில வாரங்களுக்கென அனுமதித்த மருந்தைப் பல்லாண்டு நோய்க்குக் கொடுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். குறித்த காலத்தில் நிறுத்தினால் குறைந்த எடை திரும்பிவிடும். நிறுத்தாமல் தொடர்ந்தால், யாரும் சோதித்தறியாத ஒரு காலப்பரப்புக்குள் நோயாளி தனியாக நடக்கிறார். பசியடக்கிகளின் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு வரலாற்றில் நேர்ந்த கேடுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் நேர்ந்தன என்பது இக்கட்டுரையின் வாதம். எந்த மருந்து எத்தனை கிலோ குறைக்கும் என்ற கேள்விக்கு விடை எளிதில் கிடைத்தது. எவ்வளவு காலம் உட்கொள்ளப்படும், அக்காலம் முழுதும் உடலின் எந்த உறுப்பை யார் கவனிப்பார் என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படவே இல்லை.

தொடக்கம் ஆம்ஃபெட்டமின். 1930-களில் பென்செட்ரின் என்ற பெயரில் விற்ற இம்மருந்தை உட்கொண்டவர்களுக்குப் பசி குறைவதை மருத்துவர்கள் கவனித்தனர். அதன் நெருங்கிய உறவான மெத்தாம்ஃபெட்டமினுக்கு 1947-இல் எடைக்குறைப்புக்கென்றே அமெரிக்க அனுமதி கிடைத்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்நாட்டில் எடைக்குறைப்பு மருத்துவமனைகள் பெருகின. ஆம்ஃபெட்டமின், தைராய்டுச் சுரப்பு, சிறுநீர்ப்பெருக்கி, இதயமருந்தான டிஜிட்டாலிஸ், இவை தரும் படபடப்பை அடக்க பார்பிச்சுரேட் எனப் பல நிற மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்தனர். இவற்றுக்கு வானவில் மாத்திரைகள் என்று பெயர் வந்தது. 1968 ஜனவரியில் 'லைஃப்' இதழின் செய்தியாளர் சூசன்னா மெக்பீ, எடை குறைக்க வேண்டிய தேவையே இல்லாதவர், பத்து மருத்துவர்களிடம் சென்று 1,479 மாத்திரைகளுடன் திரும்பினார். அதே ஆண்டு செனட் அவை இத்தொழிலை விசாரித்தது. மாத்திரைகளின் தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, தேவையற்றவருக்கும் மறுப்பின்றி மருந்து கிடைத்தது என்பதே. எடையைக் குறைக்க விரும்புவது ஒன்றே நோய்க்குறியாக ஏற்கப்பட்டுவிட்டது.

ஐரோப்பாவில் இதே காலத்தில் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளில் 1965-இல் விற்பனைக்கு வந்த அமினோரெக்ஸ் என்னும் பசியடக்கியை உட்கொண்டவர்களிடையே நுரையீரல் தமனி உயர் அழுத்தம் என்னும் அரிய, உயிர்கொல்லும் நோய் பெருகியது. 1968-இல் மருந்து திரும்பப் பெறப்பட்டது. பசியைக் குறைக்கும் வேதிப்பொருள் நுரையீரலின் குழாய்களைச் சுருக்கவும் கூடும் என்பது இதனால் ஐரோப்பிய மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஃபென்ஃப்ளூரமின் பரவியபோது இந்த அறிவு போதிய அளவு பயன்படவில்லை.

ஃபென்ஃப்ளூரமின் செரட்டோனினை மிகுவித்துப் பசியைக் குறைப்பது. அமெரிக்காவில் 1973-இல் அனுமதி பெற்றது. தனியே கொடுத்தால் தூக்கக்கலக்கம் தந்ததால் அதிகம் விற்கவில்லை. 1992-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் வெயின்ட்ராப், இதையும் ஃபென்டர்மினையும் சேர்த்து 121 பேருக்குக் கொடுத்த ஆய்வை வெளியிட்டார். முதல் 34 வாரங்களில் மருந்து பெற்றவர்கள் சராசரியாக 14.2 கிலோவும் மருந்துப்போலி பெற்றவர்கள் 4.6 கிலோவும் குறைந்திருந்தனர். 'ஃபென்-ஃபென்' என்ற இக்கூட்டு மருந்தை ஒழுங்குமுறை அமைப்பு எதுவும் கூட்டாக ஆராய்ந்து அனுமதிக்கவில்லை. தனித்தனியே அனுமதி பெற்ற இரண்டை மருத்துவர்கள் தாமாகவே சேர்த்து எழுதினர். 1996-இல் மட்டும் இவ்விரு மருந்துகளுக்கும் அமெரிக்காவில் எழுதப்பட்ட சீட்டுகள் ஒரு கோடியே எண்பது லட்சத்தைத் தாண்டின. அதே ஆண்டு ஏப்ரலில் ஃபென்ஃப்ளூரமினின் உறவு மருந்தான டெக்ஸ்ஃபென்ஃப்ளூரமினுக்கும் அனுமதி வழங்கப்பட்டது. இத்தகைய பசியடக்கிகளை மூன்று மாதங்களுக்கு மேல் உட்கொண்டவர்களுக்கு நுரையீரல் உயர் அழுத்தம் வரும் வாய்ப்பு இருபது மடங்குக்கும் மேல் என்று ஐரோப்பிய ஆய்வொன்று அந்த ஆகஸ்டிலேயே அறிவித்தது. விற்பனை நிற்கவில்லை.

நிறுத்தியது இதய வால்வு. நார்த் டகோட்டாவின் ஃபார்கோ நகர மருத்துவர்களும் மினசோட்டாவின் மேயோ மருத்துவ மையத்தினரும், ஃபென்-ஃபென் உட்கொண்டு சராசரியாக ஓராண்டை எட்டிய நிலையில் வால்வு கெட்டுப்போன 24 பெண்களைப் பற்றி 1997 ஆகஸ்டில் எழுதினர். அவ்வால்வுகள் தடித்து வெளிறி, கார்சினாய்டு கட்டியுள்ளவர்களிடம் காணப்படுவதைப் போலிருந்தன. செப்டம்பரில் ஃபென்ஃப்ளூரமினும் அதன் உறவு மருந்தும் சந்தையை விட்டு நீங்கின. காரணம் பின்னர் தெளிந்தது. உடலுக்குள் ஃபென்ஃப்ளூரமின் நார்ஃபென்ஃப்ளூரமினாக மாறுகிறது. அது வால்வுத் திசுக்களில் உள்ள செரட்டோனின் ஏற்பி ஒன்றைத் தூண்ட, செல்கள் பெருகி வால்வு தடிக்கிறது. தடித்த வால்வு முழுதாக மூடாததால் இரத்தம் பின்னோக்கிக் கசிகிறது.

இங்கே என் வாதத்துக்கு ஓர் எதிர்ப்பு எழலாம். வெயின்ட்ராப்பின் ஆய்வு 34 வாரங்களோடு முடியவில்லை. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நீடித்தது. காலம் போதாமைதான் குறை என்றால், நான்காண்டு ஆய்வு ஏன் வால்வுக் கேட்டைக் காணவில்லை? விடை எளிது. அங்கே எடையைப் பார்த்தார்கள். இதய எக்கோ எடுக்கவில்லை. நீண்ட காலம் நோயாளியைப் பின்தொடர்ந்தும் அவருடைய இதயத்தைக் கேட்காத ஆய்வு, நீண்ட ஆய்வு என்ற பெயரை மட்டுமே பெறும். காலம் என்று நான் சொல்வது நாட்காட்டியை மட்டும் குறிப்பதன்று. அக்காலத்தில் எதைத் தேடுவது என்ற முன்யோசனையும் அதில் அடக்கம். செரட்டோனினைப் போலச் செயல்படும் எர்கட் மருந்துகளும் வால்வைக் கெடுத்த செய்தி மருத்துவ நூல்களில் ஏற்கெனவே இருந்தது. தேடியிருக்க முடியும்.

தேடாமல் இருப்பதற்கு அறியாமையைக் காரணம் சொல்ல முடியாத ஒரு நிகழ்வு பிரான்சில் நடந்தது. செர்வியே நிறுவனம் 1976 முதல் மெடியாடோர் என்ற பெயரில் பென்ஃப்ளூரெக்ஸை விற்றது. நீரிழிவும் கொழுப்பு மிகையும் உடையவர்களுக்கான துணை மருந்து என்று அனுமதி. நடைமுறையில் மருத்துவர்கள் பெருமளவில் அதைப் பசியடக்கியாக எழுதினர். உடலுக்குள் சென்றால் அதுவும் நார்ஃபென்ஃப்ளூரமினாகவே மாறும். 1997-இல் ஃபென்ஃப்ளூரமின் உலகச் சந்தையிலிருந்து நீங்கிய பிறகும், அதே நச்சுவிளைபொருளைத் தரும் மெடியாடோர் பிரான்சில் பன்னிரண்டு ஆண்டுகள் விற்றது. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பல ஆண்டுகள் முன்பே விற்பனை நின்றிருந்தது. பிரெஸ்ட் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையின் நுரையீரல் மருத்துவர் இரேன் ஃப்ராஷோன், தன்னிடம் வந்தவர்களின் வால்வு நோயையும் அவர்களது மருந்துச்சீட்டையும் பொருத்திப் பார்த்து, தரவுகளைத் திரட்டி, ஒழுங்குமுறை அமைப்பின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். 2009 நவம்பரில் மருந்து நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் எழுதிய நூலின் அட்டையிலிருந்து, எத்தனை சாவுகள் என்று கேட்ட துணைத்தலைப்பை நீக்கும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னர் அந்த ஆணை மேல்முறையீட்டில் நீங்கியது. ஏறத்தாழ ஐம்பது லட்சம் பேர் அம்மருந்தை உட்கொண்டிருந்தனர். 2021 மார்ச்சில் பாரிஸ் நீதிமன்றம் நிறுவனத்தைக் கடும் ஏமாற்றுக் குற்றத்துக்கும் கவனக்குறைவால் உயிரிழப்பு விளைவித்த குற்றத்துக்கும் பொறுப்பாக்கி 27 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. காலந்தாழ்த்திய ஒழுங்குமுறை அமைப்புக்கும் 3,03,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. நோயாளியைக் காக்க அமைந்த நிறுவனமே நோயாளியின் முன் குற்றவாளியாக நின்றது. இதை நிருவாகத் தவறு என்று கடந்துவிட என்னால் இயலவில்லை. அனுமதிக்கப்பட்ட பயனும் நடைமுறைப் பயனும் வேறுபடுவது தெரிந்தும் எவரும் அந்த வேறுபாட்டைக் கணக்கெடுக்கவில்லை என்பதே அதன் வேர்.

இதற்கு மாறாக, முறையாகக் கேட்டால் விடை கிடைக்கும் என்பதைச் சிபுட்ரமின் காட்டியது. 1997-இல் அமெரிக்க அனுமதி பெற்ற இது இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் சற்றே உயர்த்துவது தொடக்கத்திலேயே தெரியும். எடை குறைவதால் வரும் நன்மை அதை ஈடுகட்டும் என்பது எதிர்பார்ப்பு. ஐரோப்பிய அமைப்புகள் வற்புறுத்தியதால் நடந்த ஸ்கவுட் ஆய்வு, இதயநோயோ நீரிழிவோ உள்ள ஏறத்தாழப் பத்தாயிரம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. மாரடைப்பு, பக்கவாதம் முதலிய நிகழ்வுகள் மருந்து பெற்றவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கும் மருந்துப்போலி பெற்றவர்களில் 10 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தன. எடை குறைந்தது, இதயம் காக்கப்படவில்லை. 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், 2011-இல் இந்தியாவிலும் மருந்து விலக்கப்பட்டது. மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டிய ரிமோனபன்ட் என்னும் பசியடக்கி அதற்கு முன்பே நீங்கியிருந்தது. 2012-இல் வந்த லார்கசெரின் இதயத்துக்குத் தீங்கு செய்யவில்லை என்று பெரிய ஆய்வு காட்டியது. அதே ஆய்வின் தரவில் புற்றுநோய் மருந்துப்போலி பெற்றவர்களில் 7.1 விழுக்காடு, மருந்து பெற்றவர்களில் 7.7 விழுக்காடு என்று தெரியவந்ததும் 2020-இல் அதுவும் போனது.

இவ்வளவும் கேட்டபின், மருந்தே வேண்டாம், வாயைக் கட்டினால் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை. 2011-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிவந்த ஆய்வு ஒன்று, உணவைக் குறைத்து எடை இழந்தவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்தும் நிறைவைச் சொல்லும் சுரப்புகள் தாழ்ந்தும் இருந்ததைக் காட்டியது. உடல் இழந்த எடையை மீட்க ஓராண்டுக்குப் பிறகும் போராடுகிறது. அப்போராட்டத்தில் தோற்றவரைக் கட்டுப்பாடற்றவர் என்று பழிப்பது அறிவியலுக்கும் பொருந்தாது, மனிதநேயத்துக்கும் பொருந்தாது. அப்படிப் பழித்ததால்தான் அவர்கள் வானவில் மாத்திரை விற்றவர்களிடம் போய் நின்றார்கள். பசி உடலியல் என்றால் அதற்கு மருந்து தேடுவதும் நியாயமே.

ஜி.எல்.பி.-1 வகை மருந்துகள் இந்த வரலாற்றில் உண்மையான திருப்பம். குடல் சுரக்கும் நிறைவுச் சுரப்பைப் போல நடித்து, மூளையின் பசி மையங்களில் செயல்பட்டு, இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகின்றன. வாரம் ஒருமுறை செமாகுளுடைட் ஊசி பெற்றவர்கள் 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை இழந்தனர். மருந்துப்போலியில் 2.4. இதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 2023-இல் வெளிவந்த செலக்ட் ஆய்வு. 45 வயதைக் கடந்த, ஏற்கெனவே இதயநோயுள்ள, நீரிழிவற்ற 17,604 பேரை மூன்று ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்ததில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 8 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாகக் குறைந்தன. இதயநோயுள்ளவர்களின் எடையைக் குறைத்து, இதயத்தையும் காத்தது என்று இவ்வளவு பெரிய ஆய்வில் மெய்ப்பிக்கப்பட்ட முதல் எடைக்குறைப்பு மருந்து இது. அது தற்செயலாக அமையவில்லை. ரோசிகிளிட்டசோன் என்னும் நீரிழிவு மருந்தைச் சுற்றி எழுந்த சர்ச்சைக்குப் பின், புதிய நீரிழிவு மருந்துகள் இதயத்துக்குத் தீங்கற்றவை என்று காட்டவேண்டும் என 2008-இல் அமெரிக்கா விதித்தது. இந்த மருந்துக் குடும்பம் அந்த விதியின் கீழ் வளர்ந்தது.

ஆயினும் பழைய இடைவெளி வேறு வடிவில் திறந்தே இருக்கிறது. செமாகுளுடைட்டை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பியது என்று அந்த 68 வார ஆய்வின் தொடர்ச்சி சொல்கிறது. எனவே இது இரத்த அழுத்த மாத்திரையைப் போல நெடுங்கால மருந்து. திருமணத்துக்கு முன் மூன்று மாதம், படப்பிடிப்புக்கு முன் இரண்டு மாதம் என்று எழுதப்படும் சீட்டுக்கு எந்த ஆய்விலும் ஆதாரமில்லை. செலக்ட் ஆய்வில் பக்கவிளைவுகளால் மருந்தை நிறுத்தியவர்கள் 16.6 விழுக்காடு. மாரடைப்பு அபாயம் உள்ளவருக்கு இது ஏற்கத்தக்க விலை. அழகுக்காகச் சில கிலோ குறைக்க நினைக்கும் இளைஞருக்கு எதிர்த்தட்டில் வைக்க எந்த நன்மையும் மெய்ப்பிக்கப்படவில்லை.

இந்தியாவில் கேள்வி மேலும் சிக்கலாகிறது. பெரும் ஆய்வுகள் உடல் நிறை குறியீட்டெண் 30-ஐ, அல்லது துணைநோயுடன் 27-ஐ எல்லையாக வைத்தன. நம்மவர்க்கு அதற்கும் கீழேயே நீரிழிவு வருகிறது. புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் ஜான் யுட்கினும் 2004-இல் தம் உடல்களையே ஒப்பிட்டு வெளியிட்ட குறிப்பில் இருவருக்கும் குறியீட்டெண் 22.3, உடற்கொழுப்பு யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு, யுட்கினுக்கு 9.1. எல்லையைக் கீழே இறக்கவேண்டும் என்ற வாதத்துக்கு இதில் வலுவுண்டு. எதிர்வாதமும் இதிலிருந்தே பிறக்கிறது. தொடக்கத்திலேயே தசை குறைந்த உடலில், எடையோடு தசையையும் இழக்கச் செய்யும் மருந்து என்ன செய்யும் என்பதை நம் மக்களிடத்தில்தான் நெடுங்காலம் பார்த்தறிய வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பத்தில் நால்வர் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். மருந்தின் சந்தை எவ்வளவு பெரிது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டாம்.

எடைக்குறைப்புக்கான டிர்செபடைடும் செமாகுளுடைடும் 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. செமாகுளுடைட்டின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரை மட்டுமே; அதன்பின் விலை இறங்க இடமுண்டு. ஏழை நோயாளிக்கு அது நல்ல செய்தி. அழகு நிலையங்களின் கைக்கும் மருந்து எட்டும் என்பது அதன் மறுபக்கம். மருந்துச்சீட்டில் மருந்தின் பெயரோடு எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்பதும் எழுதப்படவேண்டும் என்பது என் கோரிக்கை. பயனளிக்காவிட்டால் நிறுத்தும் நாளும் முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டும். இதே வகையைச் சேர்ந்த லிராகுளுடைட் முழு அளவில் பன்னிரண்டு வாரங்களில் 5 விழுக்காடு எடையைக் குறைக்காவிட்டால் நிறுத்தவேண்டும் என்று ஐரோப்பிய ஆவணம் விதிப்பது இதற்கு முன்மாதிரி. இம்மருந்துகளைத் தொடங்கும் ஒவ்வொருவரையும் பதிந்து, தசை, பித்தப்பை, கணையம், மனநிலை ஆகியவற்றை ஆண்டுதோறும் கேட்டறியும் பதிவேடு ஒன்றை அரசு மருத்துவக் கல்லூரிகள் உடனே தொடங்கலாம். பத்தாண்டு கழித்துத் தொடங்கினால், மருந்து உட்கொள்ளத் தொடங்குமுன் அவர்களது உடல் எப்படி இருந்தது என்பதற்கான அடிப்படைத் தரவு எவரிடமும் இராது.