நிழலில் பூக்கும் நீலமணி



மரத்து நிழலிலே எதுவும் சரியா வராது என்று சொல்வோம். ஆனால் மரத்தடியையே நம்பிப் பிழைக்கிற ஒரு பூண்டு இங்கிலாந்துக் காடுகளில் இருக்கிறது. பெயர் புளூபெல். நாம் நீலமணி என்று சொல்லலாம். மண்ணுக்குள் சின்ன வெங்காயம் மாதிரி கிழங்கு; மேலே ஒரு முழ உயரத்தில் பூந்தண்டு. ஏப்ரல், மே மாதங்களில் பூத்தால் காட்டுத் தரை பூராவும் நீலப் பாய் விரித்தது போல இருக்கும்.

இது எப்படி என்று கேட்பீர்கள். அந்த நாட்டு மரங்கள் பனிக்காலத்தில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். அவை மறுபடி தழைத்துத் தரையை மூடுவதற்குள், நீலமணி இலை விட்டுப் பூத்து, வேண்டிய உணவைக் கிழங்கில் சேர்த்துக்கொள்ளும். அப்புறம் இலை காய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும்.

இதற்கு அங்குள்ள குடியானவர்களும் துணை செய்தார்கள். ஹேசல் என்ற குத்துமரத்தைத் தரையை ஒட்டி வெட்டி, நாம் கரும்பில் மறுதாம்பு விடுகிற மாதிரி தழைய விடுவார்கள். 7 முதல் 15 ஆண்டுக்கு ஒரு வெட்டு. கழிகள் ஆட்டுப் படலுக்கும் வேலிக்கும் விறகுக்கும் போகும். காட்டைப் பங்கு பங்காக வெட்டியதால், வெட்டிய பக்கமெல்லாம் வெளிச்சம் விழுந்து பூ கொழித்தது. கிழங்கும் வீண் போகவில்லை. அதன் பசையைக் கொண்டு அம்பில் இறகு ஒட்டலாம், புத்தகம் ஒட்டலாம் என்று ஜான் ஜெரார்டு 1597-ல் தம் மூலிகை நூலில் எழுதியிருக்கிறார்.

20-ஆம் நூற்றாண்டில்தான் கேடு வந்தது. முதல் உலகப் போரில் மரத்துக்குத் தட்டுப்பாடு. 1919-ல் அரசு வனத்துறை ஆணையம் அமைத்தது. பழைய காடுகள் பலவற்றில் சீக்கிரம் வளரும் ஊசியிலை மரங்களை நட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை பனிக்காலத்தில் இலை உதிர்த்து மொட்டையாவதே இல்லை. பூண்டுக்கு வேண்டிய வெளிச்சம் போயிற்று, பூவும் போயிற்று. போதாததற்கு, தோட்டங்களுக்கு விற்கக் கிழங்கைத் தோண்டினார்கள். தோண்ட ஒரு நிமிஷம் போதும். விதை முளைத்துப் பூக்கவோ பல ஆண்டு ஆகும், பாருங்க.

கடைசியில் சட்டம் வந்தது. 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலத்துக்காரர் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். 1998 முதல், உரிமம் இல்லாமல் நிலத்துக்காரரே காட்டுக் கிழங்கைத் தோண்டி விற்கவும் தடை.

ஆகவே நண்பர்களே, மரம் வெட்டுவதால் மட்டும் காடு கெடுவதில்லை. முறையோடு வெட்டிய காட்டில் பூத்த பூ, மரம் மாறியதும் மறைந்தது. மரத்தை மாற்றும் முன் அதன் காலடியில் என்ன பிழைக்கிறது என்று குனிந்து பாருங்கள்.