மண்ணெண்ணெயில் எள்

திருவனந்தபுரத்தில் குடியேறிய நாம் கற்காமலே கைவந்த மலையாளச் சொற்களுள் ஒன்று 'மண்ணெண்ண'. நம் மண்ணெண்ணெயின் ஈற்று யகரம் அங்கு இல்லை. மலையாளம் பயிலும் நம் பிள்ளைகள் அதனைத் தமிழன்று என எண்ணிவிடுதல் கூடாது. அஃது இரு மொழிக்கும் பொது.

ஆங்கிலக் 'கெரசின்' வேறு வழி வந்தது. நோவாஸ்கோஷியாவில் பிறந்த நிலவியலறிஞர் ஆபிரகாம் கெஸ்னர் 1854-இல் காப்புரிமை பெற்று, மெழுகைக் குறிக்கும் 'கேரோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லினின்று அப்பெயரைப் படைத்தார். இந்தியிலோ அது 'மண்ணின் எண்ணெய்'. தமிழகத்தில் சீமெண்ணெய் என்றும், 'கெரசின் ஆயில்' நாவில் திரிந்து 'கிருஷ்ணாயில்' என்றும் வழங்கியதுண்டு. ஆயர்பாடிக்கும் அதற்கும் தொடர்பில்லை!

எள்ளின் நெய்யே எண்ணெய். எள் ஒரு மணியும் இல்லாத மண்ணெண்ணெயிலும் எள் ஒளிந்துள்ளது. தேங்காயெண்ணெயை மலையாளிகள் 'வெளிச்செண்ண' என்கையில் அங்கும் அதே எள்தான்.