வரைபடமும் வரலாறும்: ஹெந்தளையை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஓர் அபிவிருத்தித் திட்டம் சுற்றாடலுக்கும் தொல்லியற் சின்னங்களுக்கும் விளைவிக்கக்கூடிய பாதிப்பினை முன்கூட்டியே மதிப்பிடுவதற்குக் கணினிவழித் தேசப்படங்களைப் பயன்படுத்தும் முறை இன்று பல நாடுகளிலும் பரவி வருகின்றது. இதனால் ஆய்வு விரைவுபடும் என்பதில் ஐயமில்லை. அவ்விரைவு எவ்வர்க்கத்தின் நலனுக்கு உதவும் என்பதே வினா. கொழும்புக்கு வடக்கே, களனி கங்கைக்கு அப்பால் அமைந்துள்ள ஹெந்தளையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வினாவை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹெந்தளையில் மூன்று வரலாற்றுப் படைகள் ஒன்றன்மேலொன்றாகக் கிடக்கின்றன. 1708இல் ஒல்லாந்தர் நிறுவிய தொழுநோய் மருத்துவமனை ஒன்று. ஆங்கிலேயர் 1802க்கும் 1804க்கும் இடையில் வெட்டுவித்த ஹமில்டன் கால்வாய் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் முற்பட்டது, நீர்கொழும்புக் கடனீரேரி வரை நீளும் முத்துராஜவெலச் சதுப்புநிலம். ஏறத்தாழ 3,000 ஹெக்டேயர் பரப்புடைய அதன் வடபகுதி 1996இல் சரணாலயமாக்கப்பட்டது. தென்பகுதியிலோ, கெரவலப்பிட்டியிலே சதுப்பு நிரப்பப்பட்டு மின்நிலையம் எழுந்தது. 2013இல் திறக்கப்பட்ட கட்டுநாயக்க அதிவேகப் பாதையும் இந்நிலத்தினூடாகவே செல்கின்றது.

இலங்கையில் தேசப்படம் ஒருபோதும் நடுநிலையான பொருளாக இருந்ததில்லை. நில அளவைத் திணைக்களம் 1800இல் தோற்றுவிக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியவை என அனுமானித்தது. கிராம மக்கள் விறகு பொறுக்கிய காடும் மாடு மேய்த்த புல்வெளியும் ஆவணமின்மையால் 'வெற்று நிலம்' ஆயின. கோப்பித் தோட்ட முதலாளிகளுக்கு விற்கவும்பட்டன. அளவையாளனின் சங்கிலி சென்ற வழியே மூலதனமும் சென்றது எனலாம்.

இன்றைய ஆய்வுமுறை இருவேறு சட்டங்களின்வழி வளர்ந்ததாகும். 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் 1988ஆம் ஆண்டுத் திருத்தமும் 1993ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் சுற்றாடற் பாதிப்பு மதிப்பீட்டைக் கட்டாயமாக்கின. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1998இல் திருத்தப்பட்டதையடுத்து, 2000ஆம் ஆண்டு நடைமுறை ஆணை தொல்லியற் பாதிப்பு மதிப்பீட்டுக்கு வழிவகுத்தது. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் பொறுப்பாகும். சதுப்பின் எல்லை, கால்வாயின் கரை, பழங்கட்டடத்தின் இருப்பிடம் ஆகியவற்றைத் தனித்தனிப் படலங்களாக ஒரே திரையில் அடுக்கிக்காட்டும் கணினி, திணைக்களங்களுக்கிடையே கோப்புகள் அலையும் காலத்தைக் குறைக்கவல்லது. இந்தியாவில் 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீற்றரைத் தடைசெய்த பகுதியாகவும் அதற்கப்பால் 200 மீற்றரை ஒழுங்குபடுத்திய பகுதியாகவும் வரையறுத்தது. வீடு கட்ட விரும்புவோரின் மனை எப்பகுதியில் வீழ்கின்றது என்பதை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தேசப்படங்களைக்கொண்டு அறியும் ஏற்பாடு 2015 முதல் அங்கு நடைமுறைக்கு வந்தது. அலுவலகப் படிகளில் ஏறியிறங்கிய எளியோருக்கு இதனாற் பயனுண்டு என்பதை மறுத்தற்கில்லை.

ஆயினும், படலத்தில் ஏற்றப்படாத ஒன்றைக் கணினி காண்பதில்லை. 1940ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருளுக்கு 1815 மார்ச் 2 என்னும் கால எல்லையை வகுத்தது. அது கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் கையளிக்கப்பட்ட நாள். பிந்திய கட்டடமொன்று காப்புப் பெறத் தனி ஆணை வேண்டும். ஹெந்தளை மருத்துவமனையும் கால்வாயும் இவ்வெல்லைக்குள் அடங்கும். ஆனால் மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரலாறு முழுவதுமே 1815க்குப் பிற்பட்டது. மன்னாரிலிருந்து மாத்தளைக்கு அவர்கள் நடந்துவந்த வடபாதையும், வழியில் மாண்டோரின் பெயரற்ற புதைகுழிகளும், லயன் அறைகளும் இவ்வரையறைக்குள் இயல்பாக இடம்பெறா. ஹெந்தளையிற்கூடக் கட்டடத்தின் வயதே கணக்கிடப்படும். 1901ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் கட்டளைச் சட்டத்தின்கீழ்க் கட்டாயமாக ஒதுக்கிவைக்கப்பட்ட நோயாளரின் வாழ்வும், கால்வாயை வெட்டிய கைகளும் எந்தப் படலத்திலும் புள்ளியாகா. 1840இன் 'வெற்று நிலம்' இவ்வாறு கணினித் திரையில் மறுபிறவி எடுக்கின்றது.

இவ்விடத்திலே தெற்கு அதிவேகப் பாதை வழக்கு நினைவுகூரத்தக்கது. சுற்றாடல் அறிக்கையில் ஆராயப்பட்ட தடம் ஒன்று. ஈரநிலங்களைத் தவிர்க்கும் பொருட்டு இறுதியில் வரையப்பட்ட தடம் வேறொன்று. புதிய கோட்டின்கீழ் வீழ்ந்த குடியிருப்பாளர் எவரும் விசாரிக்கப்படவில்லை. அவர்களைக் கேளாது விட்டது தவறென 2004இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து இழப்பீடு வழங்கியது, பாதையோ நிறுத்தப்படவில்லை. வரைபடத்திற் கோட்டை நகர்த்துதல் எளிது. அக்கோட்டின்கீழ் வாழ்வோரின் குரல், கோடு நகர்வதற்கு முன்பே கேட்கப்படல் வேண்டும்.

ஆகவே கருவியை நிராகரிப்பது நமது வாதமன்று. சுற்றாடல் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிட்டுக் கருத்துரைக்கச் சட்டம் 30 நாள் அளிக்கின்றது. கணினியால் மீதமாகும் காலம் திட்ட முதலாளியின் இலாபக் கணக்கிற் சேர்க்கப்படாது, இந்த 30 நாளை நீட்டவே பயன்படல் வேண்டும். படலங்கள் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் முன் வைக்கப்படல் வேண்டும். வலைவீசும் துறையையும் முன்னோரின் புதைகுழியையும் அவற்றில் தாமே குறிக்கும் உரிமை முத்துராஜவெல மீனவருக்கும் மலையகத் தொழிலாளருக்கும் இருத்தல் வேண்டும். அளவுகோல் எவர் கையில் உள்ளதோ அவர் நலனே வரைபடமாகும் என்பது 1840 கற்பித்த பாடம். அக்கையை மாற்றுவதே இன்றைய பணி.